ஒத்தி வைத்தேன்

திருவாரூரில் என் தங்கை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒரு மனிதன் இன்னொரு மனிதனுடைய ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்பதைப் பார்த்தேன். தொட்டுக்கொள்ளப் பச்சையாக ஏதோ வைத்திருந்தான். துவையல் மாதிரி இருந்தது.

டிவியில்தான். ஜப்பான்காரர்கள் வரைந்த தொடர். ஒன்பதாவது படிக்கும் தங்கை மகள் தரையில் தலையணையைப் போட்டுக் குப்புறப் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பாப்பா, இந்த வயசுல கார்ட்டூனு?"

"கார்ட்டூன் இல்ல மாமா. அனிமே."

"அனீமியாவா? முருங்கைக்கீரை சாப்பிட்டா சரியாயிடும்."

அவள் சிரிக்கவில்லை. அந்த வீட்டில் என் ஜோக்குக்குச் சிரிக்கிற ஒரே ஆள் அவள். அவளே சிரிக்காததால் விஷயம் பெரிது என்று புரிந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். உண்மையில் நான் பூதலூரிலிருந்து ரயிலேறி வந்தது தங்கையிடம் பேசுவதற்கு. அவள் சமையலறையில் இருந்தாள். அங்கே போவதைவிட ஜப்பானுக்குப் போவது சுலபமாகத் தெரிந்தது.

கதை இதுதான். ஒரு நகரம், அதில் ஒரு கடை. கண்ணாடிக் கதவு, ஏசி, கோட்டுப் போட்ட ஆட்கள். பணம் வேண்டுமென்றால் அங்கே போகலாம். நகை வேண்டாம், ஜாமீன் வேண்டாம். இனிமேல் வரப்போகிற உங்கள் நாட்களில் கொஞ்சம் எழுதிக் கொடுத்தால் போதும். ஒருத்தன் தன் ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் கொடுத்துவிடுகிறான். சனிக்கிழமை படுத்தால் திங்கட்கிழமைதான் எழுகிறான். ஒரு பெண் தன் முதுமையைக் கொடுக்கிறாள், கிழவியாகாமல் தப்பிக்கலாம் என்று நினைத்து. அப்படியே ஆகிறது. கிழவியாகாமலே போய்ச் சேருகிறாள். கடைக்காரர்கள் நீள மேஜையில் வரிசையாக உட்கார்ந்து, வாங்கின நாட்களைத் தட்டில் வைத்துச் சாப்பிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பார்ப்பதற்குப் பொன்னிறமாக, உருண்டையாக, குழிப்பணியாரம் மாதிரி இருக்கிறது. பல்லில் அது நசுங்கும் சத்தத்தை அந்த ஊர்க்காரர்கள் ரொம்ப அக்கறையாகப் பதிவு செய்திருந்தார்கள். சதக். சதக். ஒருத்தன் விரலை நக்கினான்.

எனக்குக் குமட்டியது. ஆனாலும் அடுத்த பகுதியையும் போடச் சொன்னேன்.

கீழே தமிழில் எழுத்து ஓடியது. மனிதர் எழுதியதில்லை, மெஷினே செய்கிறதாம். "அவன் தன் எதிர்காலத்தை ஒத்தி வைத்தான்" என்று ஒரு வரி வந்தது.

"தள்ளிப் போட்டுட்டானா? புத்திசாலிப் பய."

"ஐயோ மாமா, அந்த ஒத்தி இல்ல. வயல ஒத்தி வெப்பாங்கள்ல, அந்த ஒத்தி."

அந்த ஒத்தி. வயிற்றுக்குள் யாரோ மோட்டார் சுவிட்சைப் போட்டமாதிரி இருந்தது. மோட்டார் பம்பு விற்கிற கடையில், மேலாளர் என்று சொல்லிக்கொள்ளும் விற்பனையாளனாகக் காலம் தள்ளுகிறவன் நான். எனக்கு உவமையும் அதற்குள்தான் கிடைக்கும். நான் தங்கையிடம் பேச வந்ததே அந்த ஒத்தியைப் பற்றித்தான்.

எங்கள் பக்கம் ஒத்தி என்றால், ஒரு தொகையை மொத்தமாக வாங்கிக்கொண்டு வயலை ஒருவரிடம் விட்டுவிடுவது. வட்டி கிடையாது. அவர் உழுவார், நடுவார், அறுப்பார், விளைவதெல்லாம் அவருக்கு. கெடு முடிந்து, வாங்கின தொகையை முழுசாகத் திருப்பிக் கொடுத்தால் வயல் திரும்பி வரும். கொடுக்க முடியவில்லையென்றால் கெடு நீளும். அது எவ்வளவு தூரம் நீளும் என்பதற்கு எங்கள் தெருவிலேயே ஆள் இருக்கிறார். அவருடைய அப்பா ஒத்தி வைத்த வயலை மீட்க முடியாமல், அதே வயலுக்குக் கூலிக்குக் களை பறிக்கப் போகிறார். எனக்கு இருப்பது வாய்க்காலை ஒட்டிய ஒரே ஒரு வயல். வீட்டுக்கு வருஷம் முழுக்க அரிசி அதிலிருந்துதான். அதை மூன்று வருஷத்துக்கு ஒத்தி வைப்பதாக இருந்தேன்.

எதற்கு? சீருக்கு. தங்கை மகளுக்குச் சடங்கு வைத்திருந்தார்கள். தாய்மாமன் நான்.

போன வருஷம் அதே குடும்பத்தில் இவளுடைய பெரியப்பா மகளுக்குச் சடங்கு. அந்தப் பெண்ணின் தாய்மாமன் லாரியில் வந்து இறங்கினார். செண்டை மேளம், மேலே ட்ரோன், மாலை போட்ட ஆட்டுக்கிடா, ரிப்பன் கட்டிய ஸ்கூட்டர். அதற்குப் பின்னால் தட்டு, தட்டு, தட்டு. பழத்தட்டும் லட்டுத்தட்டும் தீர்ந்துபோய், ஒரு தட்டில் நூடுல்ஸ் பாக்கெட்டுகளைக் கோபுரமாக அடுக்கி உச்சியில் குங்குமம் வைத்திருந்தார்கள். இன்னொன்றில் துணி சோப்பு. சோப்புக்கும் பொட்டு. ஒருத்தர் மைக்கைப் பிடித்து ஒவ்வொரு தட்டையும் ஏலம் விடுகிற குரலில் அறிவித்தார். மறுநாள் நான் பார்த்தபோது மண்டபத்துக்குப் பின்னால் ஆப்பிளும் ஆரஞ்சும் குவிந்து கிடந்து புளித்த வாடை அடித்தது. மாடுகூட முகர்ந்துவிட்டு நகர்ந்தது. ஆனால் அந்த மாமனின் புகழ் மட்டும் அழுகவில்லை. தங்கையின் மாமியார் அதை ஒரு வருஷமாக ஊறுகாய் போட்டு வைத்திருந்தார்.

தங்கை காபியோடு வந்தாள்.

"அண்ணே, நீ உன்னால முடிஞ்சத செய்ணே. நாங்க எதுவும் கேக்கல."

"சரிம்மா."

"அவங்க வீட்டுல தட்டே லாரியில வந்துச்சு. அதுக்குச் சொன்னேன்."

"நான் கூட்ஸ் வண்டியில கொண்டாந்துடுறேன். ரயிலு நம்ம வீட்டு வழியாத்தான போவுது."

"வெளையாடாதண்ணே. அத்தை தினம் கேக்குறாங்க. என் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்குறது?"

உள்ளறையிலிருந்து மாமியாரின் குரல் மட்டும் வந்தது. "தம்பி வந்துருக்காங்களா? ஒத்தத் தங்கச்சி. அவங்க செய்யாமலா இருக்கப் போறாங்க?"

அந்தப் 'போறாங்க'வில் ஒரு சதக் கேட்டது. "செஞ்சுடலாம் அத்தை, ஊரே பாக்குற மாதிரி" என்று கத்திவிட்டேன். பயம் வந்தால் எனக்கு வாய் பெரிதாகிவிடும்.

கிளம்பும்போது மருமகள் வாசல்வரை வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். "மாமா, நீங்க சீர் கொண்டாரலன்னா ஃபங்ஷன் கேன்சல் ஆயிடுமா?"

பயந்து கேட்கவில்லை. ஆசையாகக் கேட்டாள்.

"ஏன் பாப்பா?"

"ஸ்கூல் போற வழியில பேனர் வெக்கிறாங்களாம். என் போட்டோவோட. அப்பா சொல்லிட்டாங்க."

"நல்ல போட்டோவா குடு. எலக்‌ஷன்ல நிக்கிற மாதிரி கும்பிட்டுக்கிட்டு."

"மாமா, ப்ளீஸ்."

வேறு ஜோக் எதுவும் கைவசம் இல்லாததால் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தேன்.

ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வெளியே சம்பாவுக்கு வயல்களில் தண்ணீர் கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு வயலும் எனக்குத் தட்டு மாதிரியே தெரிந்தது. அந்த மேஜையும் அந்த வாயும் கண்ணைவிட்டுப் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்த வாய்க்கு மேலே ஒரு முகம் முளைத்தது. எங்கள் ஊரில் ஒத்தி பிடிக்கிறவரின் முகம்.

அவர் கெட்டவர் இல்லை, அதுதான் பயமே. டிராக்டர் வைத்திருக்கிறார், அறுவடை மெஷின் வைத்திருக்கிறார், நெற்றி நிறைய விபூதி வைத்திருக்கிறார். பார்க்கும்போதெல்லாம் சிரிப்பார். "உங்க வயல என் புள்ள மாதிரி பாத்துப்பேன் தம்பி" என்றார். ஊரில் பாதிப் பேருடைய பிள்ளைகளை அவர் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். யாருடைய பிள்ளையும் வீடு திரும்பினதாகத் தெரியவில்லை. பேச்சு முடிந்து, நான் 'சரி' என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

என் வயலை அவர் மென்று விரலை நக்குவது போலத் தெரிந்ததும் எனக்கு வியர்த்தது. எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் "ஒடம்பு சரியில்லியா? வாந்தி வருதா?" என்று எலுமிச்சம்பழம் ஒன்றை நீட்டினார். வாங்கி முகர்ந்துகொண்டே செல்போனை எடுத்தேன்.

'குடுக்க மாட்டேன்' என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த 'மாட்டேன்' என் வாயில் வந்ததே கிடையாது. கடையில் கடன் கேட்டாலும், கல்யாணத்துக்குக் கூப்பிட்டாலும், அரசியல்வாதி ஓட்டுக் கேட்டாலும் ஒரு ஜோக்கைச் சொல்லித் தள்ளிப் போடுவேனே தவிர முடியாது என்று சொன்னதில்லை. இதையும் தள்ளிப் போடலாம் என்று நினைத்தேன். நீடாமங்கலம் தாண்டி சிக்னல் கிடைத்தது.

"அண்ணே, நம்ம வயல் விஷயம்..."

"சொல்லுங்க தம்பி. சத்தமா இருக்கே, ரயில்லயா?"

"ஆமாண்ணே. யோசிச்சுப் பாத்தேன். இப்போதைக்கு ஒத்தி வெச்சுடலாம்ணே."

'இப்போதைக்கு' என்ற இடத்தில் வண்டி ஊதியது. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

"ரொம்ப நல்ல முடிவு தம்பி! ஒத்தி வெச்சுடலாம்."

"மனசுல ஒண்ணும் நெனைச்சுக்காதீங்கண்ணே."

"நான் என்ன தம்பி நெனைக்கப் போறேன்? எனக்குச் சந்தோஷந்தான். தண்ணி வேற வந்துருச்சு, நல்ல நேரத்துல சொன்னீங்க."

லைன் போய்விட்டது. எவ்வளவு பெரிய மனசு, இவரைப் போய்த் தின்னிப் பிசாசாக நினைத்தோமே என்று கண் கலங்கியது. தஞ்சாவூரில் வண்டி நின்றபோது இறங்கி ஓடிப்போய் வடை வாங்கித் தின்றேன். எலுமிச்சம்பழத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த அம்மாள் வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம், "நிம்மதி. ஒத்தி வெச்சாச்சு" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். சோறு போட்டாள், பேசவில்லை. சந்தோஷத்தில் வாயடைத்துப் போயிருக்கிறாள் என்று நினைத்து இரண்டாவது தடவை ரசம் கேட்டேன். கிண்ணத்தை 'டொக்' என்று வைத்தாள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நான் சத்தங்களைச் சரியாக மொழிபெயர்த்ததே கிடையாது.

காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். மனைவி கொல்லைப்பக்கமிருந்து வந்தாள்.

"நம்ம வயல்ல வண்டி எறங்கியிருக்கு."

வாயில் நுரையோடு "ம்?" என்றேன்.

"டிராக்டர். சேறு அடிச்சுக்கிட்டு இருக்கான். நீங்கதான ஒத்தி வெச்சாச்சுன்னு சொன்னீங்க? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா? உங்க தங்கச்சி, உங்க வயலு, உங்க வாயி. போயி வேடிக்கை பாருங்க."

அப்போதுதான் நேற்றைய சொற்கள் ஒவ்வொன்றாகத் தோலுரிந்தன. ஒத்தி வைத்துவிடலாம். நல்ல முடிவு தம்பி. தண்ணி வந்துருச்சு. ஜப்பான் மெஷின் செய்த அதே தப்பு. அதாவது மெஷின் தப்பே செய்யவில்லை. ஒன்பதாவது படிக்கிற பெண்ணுக்குப் புரிந்தது ஐம்பதை நெருங்குகிறவனுக்குப் புரியவில்லை.

ஓடினேன். லுங்கி, பனியன், கையில் பிரஷ், வாய் நிறைய நுரை. டீக்கடையில் ஒருவர், "என்ன மாப்ள, பல்லு வெளக்கிக்கிட்டே மாரத்தானா?" என்றார். பதில் சொல்ல வாயைத் திறந்தால் நுரை முழங்கையில் வழிந்தது. அவர்கள் சிரித்தார்கள். நான் ஓடினால்கூட ஊருக்கு அது ஒரு ஐட்டம்தான்.

டிராக்டர் இரும்புச் சக்கரத்தோடு என் வயலைப் புரட்டிக்கொண்டிருந்தது. பாதி வயல் கறுப்புக் கூழாகியிருந்தது. கொக்குகள் பின்னாலேயே நடந்து எதையோ கொத்தின. அவர் வரப்பில் துண்டை விரித்து உட்கார்ந்து, டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நெய் விரலில் மினுங்கியது. என்னைப் பார்த்ததும் சிரித்து, விரலை நக்கினார்.

எனக்கு அடிவயிற்றிலிருந்து கிளம்பி வந்தது. வாய்க்காலில் துப்பினேன். நுரை மட்டும்தான் வந்தது.

"வாங்க தம்பி, பொங்கல் சாப்பிடுறீங்களா? முந்திரிக்கொட்ட கொஞ்சம் கொறச்சல்."

"அண்ணே, வண்டிய நிறுத்துங்க. நான் ஒத்தி வெக்கிறேன்னு சொல்லலண்ணே. ஒத்தி வெக்கலாம்னு சொன்னேன்."

அவர் மெல்லுவதை நிறுத்தி யோசித்தார். பிறகு தொடை தட்டிச் சிரித்தார். "உங்களால மட்டுந்தான் தம்பி இப்டி முடியும்!" டிராக்டர்காரனைக் கூப்பிட்டு, "டேய், கேட்டியா? ஒத்தி வெக்கிறேன்னு சொல்லலியாம், ஒத்தி வெக்கலாம்னு சொன்னாராம்!" என்றார். அவனும் சிரித்தான், வண்டியை நிறுத்தாமல்.

"நெசமாத்தாண்ணே. தள்ளி வெக்கலாம்னு சொன்னேன்."

"சரி சரி. பத்திரம் எழுதறப்ப இதையும் ஒரு ஷரத்தா சேத்துடுவோம்." மறுபடி சிரிப்பு.

இத்தனை வருஷமாக நான் ஊருக்குச் செலவழித்த சிரிப்பெல்லாம் அந்த வரப்பில் திரும்பி வந்து என் கழுத்தைப் பிடித்தது. அவர் சிரிப்பு எனக்கு அருவருப்பாக இருந்தது. அதைவிட, கூடச் சேர்ந்து இளிக்கத் தயாராக என் உதடு இழுபட்டதுதான் பெரிய அருவருப்பு. நேராக வண்டிக்கு முன்னால் போய் நிற்பது என்று முடிவு செய்து வயலுக்குள் இறங்கினேன். சினிமாவில் இதைச் செய்கிறவர்கள் காய்ந்த தரையில் செய்கிறார்கள். கால் வழுக்கி, சேற்றில் 'தொபுக்' என்று உட்கார்ந்தேன். லுங்கி எனக்கு முன்னால் மிதந்து வந்தது. டிராக்டர்காரன் பிரேக்கில் ஏறி நின்றான். எஞ்சினை அணைத்தான்.

இடுப்புவரை சேறு. எழுந்தால் மறுபடி விழுவேன் என்று தெரிந்ததால் எழவில்லை. உட்கார்ந்தபடியே சொன்னேன்.

"குடுக்க மாட்டேண்ணே."

அவர் சிரித்த முகத்தோடு அடுத்த வரிக்குக் காத்திருந்தார். டிராக்டர்காரனும் காத்திருந்தான். எப்போதும் அடுத்த வரி ஒன்று வரும். நானும் உள்ளே தேடிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

"குடுக்க மாட்டேன்" என்று இன்னொரு தடவை சொன்னேன்.

அவர் முகத்திலிருந்து சிரிப்பு மெதுவாக வடிந்தது. கீழே இருந்த முகத்தை அன்றுதான் பார்த்தேன். சாதாரண முகம்தான், களைத்த முகம். டப்பாவை மூடினார்.

"நேத்து ஒரு பேச்சு, இன்னிக்கி ஒரு பேச்சா தம்பி? வாய் வார்த்தைக்கு மதிப்பு இல்லியா?"

"என் வாயிக்காண்ணே? இந்த ஊர்ல அதுக்கு யாரு மதிப்பு குடுத்துருக்கா?"

அவர் சிரிக்கவில்லை. "டீசலுக்கும் ஆளுக்கும் குடுத்துடுங்க. உழுதது உழுததுதான்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "மீதிய நீங்களே உழுதுக்குங்க." டிராக்டர் என் வரப்பில் ஒரு முனையை உடைத்துக்கொண்டு ஏறிப் போனது.

குளித்துவிட்டுத் தங்கைக்குப் போன் செய்தேன். தள்ளிப் போட்டால் மறுபடி வேறு அர்த்தம் முளைத்துவிடும் என்ற பயத்தில் முதல் வரியிலேயே சொன்னேன்.

"லாரி வராதும்மா. பாவாடை தாவணி, பூ, பழம், ஒரு மோதிரம். அவ்வளவுதான் என்னால முடியும்."

"ஜோக் அடிக்கிறியாண்ணே?"

"இல்ல."

குக்கர் விசில் ஒன்று கேட்டது. அவள் அதை அணைக்கப் போகவில்லை. "மண்டபம், பேனர், மைக் செட்டு எல்லாத்துக்கும் குடுத்தாச்சு. அவர் கடன் வாங்கிக் குடுத்தாரு. நீ கொண்டார மொய்யிலயும் சீருலயும் கொஞ்சம் கட்டிக்கலாம்னு..." நிறுத்தினாள். "சரி விடு. அத்தைகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீயே வந்து சொல்லிக்க."

மைத்துனரும் ஒரு மேஜையில் தட்டாகக் கிடக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. யார் யாருடைய நாட்களை யார் யார் தின்கிறார்கள் என்று யோசிக்க ஆரம்பித்தால் சாப்பாடு இறங்காது. ஊர் ஊராக, மண்டபம் மண்டபமாக, பொட்டு வைத்த சோப்புக்காக. அந்தத் தொடரிலாவது தின்கிறவர்களுக்கு ருசி தெரிந்தது. நாங்கள் ஆப்பிளை அழுக விடுகிறோம்.

சடங்கு நாளன்று நானும் மனைவியும் பஸ்ஸில் போய் இறங்கினோம். மண்டபத்துக்கு வரும் தெருமுனையிலேயே மருமகள் பேனரில் என்னைவிட உயரமாக நின்றாள். உள்ளே மேடை தானாக உயரும் என்றார்கள், புகை வரும் என்றார்கள். மனைவி கையில் இரண்டு தட்டு, என் கையில் இரண்டு தட்டு. மைக் பிடித்தவர் எங்களைப் பார்த்ததும் தொண்டையைச் செருமி, "இதோ, தாய்மாமன் சீர்வரிசை" என்று ஆரம்பித்து, அதற்கு மேல் அறிவிக்க ஒன்றும் இல்லாமல், செண்டை மேளத்தைப் பார்த்துக் கை காட்டினார். அவர்கள் எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு தட்டுத் தட்டினார்கள்.

தங்கையின் மாமியார் வாசலுக்கே வந்துவிட்டார். பட்டுப் புடவை, கையில் ஆரத்தித் தட்டு. நான் பத்து நாளாகப் பாடம் செய்த வரியை எடுப்பதற்குள் அவர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"வாங்க தம்பி. வண்டி பின்னாடி வருதா?"

அவருக்குப் பின்னால் நின்றிருந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். தூணோரம் நின்ற மைத்துனர் பார்த்தார். எல்லாம் தெரிந்த தங்கைகூட ஒரு நொடி பார்த்தாள்.

"இல்லீங்க அத்தை. வண்டி இல்ல. இதுதான்" என்றேன்.

யாரும் கண்ணை எடுக்கவில்லை. அத்தனை பேரும் அவ்வளவு நம்பிக்கையோடு தெருவையே பார்த்துக்கொண்டிருந்ததில், தட்டைப் பிடித்தபடி நானும் திரும்பிப் பார்த்தேன்.